எத்தனை பர்சன் அடைப்பு என்று மட்டும் கேட்காதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எந்தக் கோப்பிக் கடைக்குப் போனாலும் சரி, ஐம்பது தாண்டிய ஆண்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்துவிட்டால் பேச்சு செம்பனை விலையில் ஆரம்பித்து, பேரப்பிள்ளைகளின் படிப்பு வழியாகச் சுற்றி, எப்படியாவது இதயக் குழாயில் வந்து நிற்கும். ஒருவருக்கு எழுபது பர்சன் (சதவீதம்) அடைப்பு. இன்னொருவருக்கு மூன்று இடத்தில், அதில் ஒன்று தொண்ணூறு. தொண்ணூறுகாரருக்கு மேசையில் கொஞ்சம் மரியாதை கூட. நான் ஈப்போவில் ஒரு சி.டி. ஸ்கேன் அறையில் வேலை பார்க்கும் ரேடியோகிராஃபர் (என் அம்மாவுக்கு இன்றைக்கும் நான் 'எக்ஸ்ரே புடிக்கிற பிள்ளை'தான்), அதனால் காலையில் பசியாற ரொட்டி சானாய் வாங்கப் போனால்கூட, "ஏம்மா, எழுபது பர்சன்னா ஸ்டென்ட் வச்சே ஆகணுமா?" என்று யாராவது பிடித்துக்கொள்வார்கள். ஸ்டென்ட் என்பது ஒடுங்கிய குழாயை விரித்துப் பிடிக்க உள்ளே வைக்கும் சின்ன வலைக்குழாய். பொட்டலம் கட்டும் நேரத்துக்குள் சொல்லி முடிக்கிற பதில் அதற்கு இல்லை. இங்கே எழுதி வைத்துவிட்டால் இனி லிங்க் அனுப்பிவிடலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சை அமுக்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, வலி தாடைக்கோ கைக்கோ ஓடுகிறது, மூச்சு முட்டுகிறது என்றால் படிப்பதை நிறுத்திவிட்டு 999 அழையுங்கள். அது ஸ்கேன் போட்டு யோசிக்கிற நேரம் இல்லை. நான் பேசப்போவது மற்றவர்களைப் பற்றி: படி ஏறினால், வேகமாக நடந்தால் நெஞ்சு இறுக்குகிறது, நின்றால் சரியாகிறது, மாதக்கணக்காக இப்படியே இருக்கிறது என்று வருகிறவர்கள்.

சரி, இந்த 'பர்சன்' எங்கிருந்து வருகிறது? ஆஞ்சியோகிராம் படத்திலிருந்து. 1958-இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் மேசன் சோன்ஸ் என்ற மருத்துவர் வேறு ஏதோ பரிசோதனை செய்துகொண்டிருந்தபோது சாயமருந்து தவறிப்போய் நோயாளியின் இதயக் குழாய்க்குள்ளேயே பாய்ந்துவிட்டது. ஆள் பிழைத்துக்கொண்டார், மருத்துவத்துக்கு ஒரு புது வழி கிடைத்தது. இன்றைக்கும் அடிப்படை அதேதான்: மணிக்கட்டிலோ தொடையிடுக்கிலோ மெல்லிய குழாயை நுழைத்து, இதயம் வரை கொண்டுபோய், சாயத்தைச் செலுத்தி, எக்ஸ்ரேயில் ஓடும் நிழலைப் பார்ப்பது. எந்த இடத்தில் நிழல் ஒல்லியாக இருக்கிறதோ அங்கே அடைப்பு. பக்கத்தில் இருக்கும் நல்ல பகுதியோடு ஒப்பிட்டு, இது எழுபது இருக்கும் என்று டாக்டரின் கண் மதிப்பிடுகிறது. பெரும்பாலான நேரங்களில் அந்த எழுபது ஒரு கண் மதிப்புதான். அனுபவமுள்ள கண், ஆனாலும் கண்.

அது குழாய் எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்று சொல்கிறது. அதனால் இதயத் தசைக்குப் போகும் ரத்தம் உண்மையிலேயே குறைகிறதா என்று சொல்வதில்லை. இவை இரண்டும் ஒன்றுதான் என்று நம்பித்தான் கோப்பிக் கடைக் கணக்கு ஓடுகிறது.

லயத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ராத்திரி எல்லாரும் தூங்கியபின் கடைசி வீட்டுப் பைப்பில்கூட தண்ணீர் ஜோராக வரும். விடியற்காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) போகிற அவசரத்தில் அத்தனை வீட்டுப் பைப்பையும் ஒரே நேரத்தில் திறந்தால்தான், நடுவில் எங்கோ துருப்பிடித்துச் சுருங்கிய குழாயின் லட்சணம் கடைசி வீட்டு வாளியில் தெரியும். இதயக் குழாயும் அப்படியே. சும்மா இருக்கும்போது பாதி அடைப்பைக்கூட அது சமாளித்துவிடும். அதைச் சோதிக்க வேண்டுமென்றால் எல்லாப் பைப்பையும் திறந்துவிட வேண்டும்.

அதைச் செய்து காட்டியவர்கள் நெதர்லாந்தின் நிக்கோ பைல்ஸும் பெல்ஜியத்தின் பெர்னார்ட் டி பிரைனும், 1990-களில். முடி மாதிரி மெல்லிய ஒரு கம்பி, அதன் நுனியில் அழுத்தம் அளக்கும் கருவி. ஆஞ்சியோ செய்யும்போதே அந்தக் கம்பியை அடைப்பைத் தாண்டி அனுப்பிவிட்டு, அடினோசின் என்ற மருந்தைக் கொடுத்து, இதயத் தசையின் சிறு குழாய்களை எல்லாம் முழுசாக விரியவைத்து, அடைப்புக்குப் பின்னால் இருக்கும் அழுத்தத்தை முன்னால் இருக்கும் அழுத்தத்தால் வகுக்கிறார்கள். அதற்குப் பெயர் எஃப்.எஃப்.ஆர். நல்ல குழாயில் 1 வரும். 0.80 அல்லது அதற்குக் கீழே வந்தால் அந்த அடைப்பு ரத்தத்தைத் தடுக்கிறது என்று கணக்கு.

இந்தக் கம்பியை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2009-இல் வந்த ஃபேம். ஒன்றுக்கு மேற்பட்ட குழாய்களில் அடைப்புள்ள 1,005 பேர். பாதிப் பேருக்குக் கண்ணால் பார்த்து ஸ்டென்ட், பாதிப் பேருக்குக் கம்பி அளந்து சொன்ன இடத்தில் மட்டும் ஸ்டென்ட். ஒரு வருடத்தில் மரணம், மாரடைப்பு, மறுபடி சிகிச்சை என்று ஏதோ ஒன்று நேர்ந்தவர்கள் முதல் கூட்டத்தில் 18.3 சதவீதம், கம்பிக் கூட்டத்தில் 13.2. அதுவும் குறைவான ஸ்டென்ட்டுகளை வைத்துக்கொண்டு.

அதே ஆய்வின் படங்களைப் பிறகு எடுத்துப் பிரித்துப் பார்த்ததில் வந்த எண்கள்தான் என்னை அசத்தியவை. கண்ணுக்கு 50 முதல் 70 வரை தெரிந்த அடைப்புகளில் 35 சதவீதம்தான் ரத்தத்தை உண்மையாகத் தடுத்தன. 71 முதல் 90 வரை தெரிந்தவற்றில் 80 சதவீதம். 90-ஐத் தாண்டினால் கிட்டத்தட்ட எல்லாமே. தொண்ணூறுகாரருக்கு மேசையில் கிடைக்கும் மரியாதை நியாயமானதுதான் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அறுபதுகாரர் ராத்திரி தூக்கத்தைத் தொலைக்கும் முன் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்.

ஆனால் கம்பிக்கும் குழாய் உள்ளே போகத்தான் வேண்டும், கம்பி விலையும் அதிகம், அடினோசின் ஏறும்போது சிலருக்கு நெஞ்சை யாரோ மிதிப்பது போல இருக்கும். வெளியே இருந்தபடியே பார்க்க முடியாதா என்பதுதான் அடுத்த கேள்வி. அங்கேதான் என் அறை வருகிறது.

சி.டி. ஆஞ்சியோவில் இதயத்துக்குள் எதுவும் நுழைவதில்லை. முழங்கை மடிப்பில் ஓர் ஊசி, அதன் வழியாக அயோடின் சாயம், நாலைந்து நொடி ஸ்கேன், அவ்வளவுதான். கஷ்டம் எல்லாம் அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. இதயம் துடித்துக்கொண்டே இருக்கும் பொருள், வேகமாகத் துடித்தால் படம் கலங்கிவிடும், அதனால் நாடித்துடிப்பை 60 பக்கம் இறக்க மாத்திரை கொடுப்போம். ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள், அந்த மாத்திரை உங்களுக்கு ஆகாமல் போகலாம். காலையில் கோப்பி, தே எதுவும் கூடாது என்று நோட்டீஸிலேயே இருக்கும், அப்படியும் "ஒரு தே தாரிக்தான்மா குடிச்சேன்" என்று 95 துடிப்போடு வந்து நிற்கிறவர்கள் உண்டு. அவர்களைத் திட்டுவதில் பயனில்லை, உட்காரவைத்துக் காத்திருப்போம்.

மூச்சை இழுத்துப் பிடிக்கவேண்டும். மெஷின் மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லும். தோட்டத்திலேயே வாழ்நாளைக் கழித்த பாட்டிமார்களுக்கு அந்தக் குரல் பதற்றத்தைத்தான் கொடுக்கிறது. நான் பக்கத்தில் நின்று "மூச்ச இழுங்க பாட்டி, அப்படியே புடிங்க" என்று முன்கூட்டியே பழக்கிவிட்டால் படம் எவ்வளவோ தெளிவாக வருகிறது. சாயம் ஏறும்போது உடம்பு முழுக்க சூடு பரவும், படுத்த இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது மாதிரி தோன்றும். போகவில்லை. இதை முன்பே சொல்லாவிட்டால் பாவம், வெட்கத்தில் எழுந்திருக்கவே மாட்டார்கள்.

அப்புறம் ஆண்களிடம் ஒரு வார்த்தை. குழாய்களை விரிக்க நாக்குக்கு அடியில் நைட்ரேட் மருந்து தெளிப்போம். 'அந்த' மாத்திரையை ஓரிரு நாட்களுக்குள் சாப்பிட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து ரத்த அழுத்தத்தைப் பாதாளத்துக்கு இறக்கிவிடும். மாத்திரை சாப்பிடவில்லை என்று சத்தியம் செய்கிறவர்களிடம் நான் அடுத்ததாகக் கேட்பது, ஆண்மைக்கு நல்லது என்று விற்கிற பாக்கெட் கோப்பி குடிக்கிறீர்களா என்பது. மூலிகை என்று எழுதியிருக்கும் அந்த மாதிரிப் பாக்கெட்டுகள் சிலவற்றில் அதே மருந்தை ரகசியமாகக் கலந்திருந்ததை நம் சுகாதார அமைச்சு கண்டுபிடித்துப் பலமுறை எச்சரித்திருக்கிறது. மனைவி பக்கத்தில் இருந்தால் வெளியே அனுப்பிவிட்டுக் கேட்பேன். உண்மையைச் சொல்லிவிடுங்கள், நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

சிறுநீரகம் பழுதாகியிருந்தால் சாயம் பிரச்சினை, அதனால் ரத்தப் பரிசோதனை முதலில். இனிப்பு நீருக்கு (நீரிழிவு) மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களை அந்தப் பரிசோதனையில் வரும் சிறுநீரக அளவைப் பொறுத்து நிறுத்தச் சொல்வார்கள், நீங்களாக நிறுத்தவேண்டாம். கதிர்வீச்சு பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: புது மெஷின்களில் பெரும்பாலும் 5 மில்லிசீவர்ட்டுக்குள் முடிந்துவிடும். வானமும் மண்ணும் வருடம் ஒன்றுக்கு நமக்குச் சும்மா கொடுப்பதே உலக சராசரியில் 2.4.

சி.டி. மிக நன்றாகச் செய்யும் வேலை, இல்லை என்று சொல்வது. குழாய்கள் சுத்தமாக இருக்கின்றன என்று நல்ல படம் ஒன்று சொன்னால் அதை நம்பி வீட்டுக்குப் போகலாம். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை எழுதும் நைஸ் அமைப்பு 2016-இலேயே நெஞ்சுவலிக்காரர்களுக்கு முதல் பரிசோதனையாக இதை வைத்துவிட்டது. 2022-இல் ஐரோப்பாவில் 3,561 பேரை வைத்து நடந்த டிஸ்சார்ஜ் ஆய்வில், முதலில் சி.டி. எடுத்தவர்களுக்கும் நேராக ஆஞ்சியோவுக்குப் போனவர்களுக்கும் பிற்பாடு வந்த மாரடைப்பு, மரணம் போன்றவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பரிசோதனையாலேயே வந்த பெரிய சிக்கல்கள் சி.டி. பக்கம் 0.5 சதவீதம், ஆஞ்சியோ பக்கம் 1.9.

அடைப்பு இருக்கிறது என்று சொல்லும்போதுதான் சி.டி. கொஞ்சம் பெரிதாகப் பேசும். குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தால் படத்தில் அது பளீரென்று பூத்துத் தெரியும், இருப்பதைவிடப் பெரிதாக, அதனால் நாற்பது அறுபதாகத் தெரியலாம். இருபது வருடம் இனிப்பு நீரோடு வாழ்ந்தவர்களின் குழாயில் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை, நம் ஆட்களில் எத்தனை பேர் அப்படி என்று உங்களுக்கே தெரியும். 2019-இன் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவில் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு இனிப்பு நீர், இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்கள் மேலே. ஆக யாருக்குப் பரிசோதனை அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் படம் அதிகம் குழம்புகிறது. சிறிய ஸ்டென்ட்டுக்குள்ளே என்ன நடக்கிறது என்பதும் இதில் சரியாகத் தெரியாது, தாறுமாறாகத் துடிக்கும் இதயமும் தொல்லைதான்.

இந்த இடத்தில்தான் கம்ப்யூட்டர் நுழைகிறது. ஸ்டான்ஃபோர்டில் இருந்த சார்ல்ஸ் டெய்லர் கலிபோர்னியாவில் ஹார்ட்ஃப்ளோ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, எடுத்து முடித்த அதே சி.டி. படத்திலிருந்து குழாய்களை முப்பரிமாணத்தில் கட்டி, திரவம் ஓடும் இயற்பியல் சமன்பாடுகளைப் போட்டு, எல்லாப் பைப்பும் திறந்த நிலையைக் கணக்கிலேயே உண்டாக்கி, ஒவ்வோர் இடத்திலும் எஃப்.எஃப்.ஆர். எவ்வளவு இருக்கும் என்று வண்ணத்தில் காட்டினார்கள். நோயாளிக்குக் கூடுதலாக ஓர் ஊசிகூட இல்லை. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014-இல் அனுமதித்தது. எங்கள் அறையில் அந்த வசதி இல்லை, ஆனால் அந்த வண்ணப் படங்களைப் பயிற்சியில் முதல்முறை பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. குறை என்னவென்றால் மூலப்படம் கலங்கியிருந்தால் கணக்கும் போச்சு, 0.75-க்கும் 0.80-க்கும் நடுவில் வரும் எண்ணைக் கம்பி எண்ணோடு ஒப்பிட்டால் சண்டை வரும்.

இன்னொரு வழி கியூ.எஃப்.ஆர். இதற்குச் சாதாரண ஆஞ்சியோ செய்தாகவேண்டும், குழாய் உள்ளே போகும், ஆனால் அழுத்தக் கம்பியும் வேண்டாம் அடினோசினும் வேண்டாம். குறைந்தது 25 டிகிரி வித்தியாசத்தில் எடுத்த இரண்டு படங்களை வைத்து மென்பொருளே சில நிமிடத்தில் எண்ணைச் சொல்லிவிடும். சீனாவில் 3,800-க்கும் மேற்பட்டவர்களிடம் கண் மதிப்போடு மோதவிட்டுப் பார்த்தார்கள், 2021-இல் முடிவு வந்தது: ஒரு வருடத்தில் பெரிய பாதிப்புகள் கியூ.எஃப்.ஆர். பக்கம் 5.8 சதவீதம், கண் பக்கம் 8.8. எல்லாரும் கைதட்டினார்கள். 2024-இல் ஐரோப்பாவில் 2,000 பேரை வைத்து இதே கியூ.எஃப்.ஆரைக் கம்பியோடு மோதவிட்டபோது 6.7-க்கு 4.2 என்று கம்பி ஜெயித்துவிட்டது. என் வாசிப்பு இதுதான்: மென்பொருள் கண்ணைவிடக் கெட்டி, கம்பி அளவுக்கு இன்னும் வரவில்லை. ஏ.ஐ. எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை இந்த வெளிச்சத்தில் படியுங்கள்.

எங்கள் பெரியப்பா கதையைச் சொன்னால் இதெல்லாம் எதற்கு என்று தெரியும். பால் மரம் வெட்டி, பிறகு தோட்டத்து லோரி ஓட்டியவர். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் 272 படி ஏறப் போய், நடுவிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேறோர் ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சி.டி. எடுத்தார்கள், முன்பக்கத்துப் பெரிய குழாயில் அறுபது பர்சன். அன்றைக்கே ஸ்டென்ட் பேச்சு, தாமதித்தால் எதுவும் நடக்கலாம் என்ற வசனம், கையில் ஒரு விலைப்பட்டியல். அண்ணன் ஊழியர் சேமநிதியிலிருந்து பணத்தை எடுக்க பாரம் வரைக்கும் நிரப்பிவிட்டான். பெரியப்பாதான் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, நீ பாத்துச் சொல்லு, நான் இன்னிக்கோ நாளைக்கோ போயிருவேனா?" என்றார். நான் டாக்டர் இல்லை பெரியப்பா என்றேன். ஆனால் படத்தைப் பார்த்தேன், அந்த இடத்தில் சுண்ணாம்பு பளபளவென்று பூத்திருந்தது.

அண்ணனிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்று: ரத்தம் குறைகிறதா என்று யாராவது அளந்தார்களா, கேள். அளக்கவில்லை. அந்தக் கேள்விக்கு அங்கே எரிச்சல்தான் பதிலாக வந்தது, அது எனக்கு இன்னும் கோபம். அரசாங்க மருத்துவமனையில் இதய நிபுணரிடம் காட்டினோம். தவணைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது, அந்த நாட்களில் பெரியம்மா தூங்கியிருக்கமாட்டார். கடைசியில் மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ, கம்பியும் போட்டார்கள். 0.87. ஸ்டென்ட் வேண்டாம் என்றார்கள். ரத்தக் கொதிப்பு கட்டுப்பாட்டில் இல்லாததுதான் நெஞ்சு இறுக்கத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்று மாத்திரைகளை மாற்றினார்கள், கொதிப்பு இறங்கியதும் இறுக்கமும் குறைந்தது.

ஸ்டென்ட்டே ஏமாற்று வேலை என்று இதை வைத்துக் கதை கட்டாதீர்கள். அதே அறுபதோடு வந்த இன்னொருவருக்கு 0.72 வந்திருக்கலாம், அவருக்கு ஸ்டென்ட் நல்லது செய்திருக்கும். மாரடைப்பு வந்துகொண்டிருக்கும் ஆளுக்கு ஸ்டென்ட் உயிர் காக்கும், அங்கே இந்த விவாதமே கிடையாது. இடதுபக்க மூலக்குழாயில் பெரிய அடைப்பு என்றால் அதுவும் வேறு கணக்கு.

0.87 வந்ததும் பெரியப்பா கோப்பிக் கடையில் 'எனக்கு ஒண்ணுமில்ல' என்று அறிவித்துவிட்டார் என்று கேள்விப்பட்டு நான் வீட்டுக்கே போனேன். ஒன்றுமில்லை என்பது தப்பு. குழாய்ச் சுவரில் கொழுப்பு படிந்திருக்கிறது, சி.டி. அதைக் காட்டிவிட்டது, அந்தப் படிவம் வெடித்தால் இப்போதைய எண் எதையும் காப்பாற்றாது. ஸ்காட்லாந்தில் 4,146 பேரை வைத்து நடந்த ஸ்காட்-ஹார்ட் ஆய்வில், வழக்கமான கவனிப்போடு சி.டி.யும் எடுத்துக்கொண்டவர்களில் ஐந்து வருடத்துக்குள் இதய நோயால் இறந்தவர்கள் அல்லது மாரடைப்பு வந்தவர்கள் 2.3 சதவீதம், எடுக்காதவர்களில் 3.9. ஸ்கேன் யாரையும் குணப்படுத்தாது. படிவத்தைக் கண்ணால் பார்த்தபின் டாக்டர்கள் கொழுப்பு மாத்திரையும் ஆஸ்பிரினும் அதிகம் பேருக்கு எழுதினார்கள் என்பதுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. பெரியப்பா ஸ்டாட்டின் என்ற அந்தக் கொழுப்பு மாத்திரையை நிறுத்தியிருந்தார், கால் வலிக்கிறதாம். மறுபடி ஆரம்பிக்க வைக்க ஒரு மாலை முழுக்க ஆயிற்று. சிகரெட் பேச்சை எடுத்ததும் பெரியம்மா சமையலறையிலிருந்தே என் பக்கம் சேர்ந்துகொண்டார்.

கடைசியாக, வேலை ரீதியாக ஒன்று. ஸ்கேன் எடுத்த இடத்திலிருந்து அறிக்கைத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள், படங்கள் பதிந்த வட்டையும் (டிஸ்க்) கேட்டு வாங்குங்கள். இரண்டாவது டாக்டர் சொந்தக் கண்ணால் பார்க்கவும், கணக்குப் போட வசதியுள்ள இடத்துக்கு அனுப்பவும் அசல் படம் வேண்டும். தாளை போனில் படம் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி "எத்தனை பர்சன்னு பாரு" என்றால் என்னால் ஒன்றும் சொல்லமுடியாது.